மாதம் ஒரு படப் பக்கம்

லண்டன் பிளாண்ட்ஃபோர்டு தெருவில் இருந்த ஒரு பைண்டிங் கடை வீட்டில் மாஸ்கரியர் என்ற ஓவியர் குடியிருந்தார். அவருடைய அறையைத் தூசு தட்டுவதும் பூட்ஸுக்குப் பாலிஷ் போடுவதும் கடையில் தொழில் பழகிக்கொண்டிருந்த ஒரு பையனின் வேலை. பையன் துருதுருவென்று இருந்தான். ஓவியருக்கு அவனைப் பிடித்துப்போயிற்று. பக்கத்தில் இருப்பதைப் பெரிதாகவும் தூரத்தில் இருப்பதைச் சிறிதாகவும் காட்டி, தட்டையான தாளில் ஒரு பொருளை நிஜம்போலவே வரைவது எப்படி என்று சொல்லிக்கொடுத்தார். அதைப் பற்றிய ஒரு புத்தகத்தையும் இரவல் தந்தார். பையன் அதில் இருந்த படங்களை ஒன்று விடாமல் வரைந்து பழகினான்.

அவன்தான் மைக்கேல் ஃபாரடே. காந்தத்தையும் கம்பிச் சுருளையும் வைத்து மின்சாரம் உண்டாக்கலாம் என்று 1831-இல் கண்டுபிடித்துச் சொன்னவர். உங்கள் வீட்டு மின்விசிறிக்கு வருகிற மின்சாரத்தின் கதையைப் பின்னோக்கித் தேடிக்கொண்டே போனால் அவர் மேஜையில் போய் நிற்பீர்கள். நாம் இன்று பேசப்போவது அந்தக் கண்டுபிடிப்பைப் பற்றி அல்ல. அதற்கு முன்பு அவர் வைத்திருந்த நோட்டுகளைப் பற்றி.

ஃபாரடேயின் அப்பா கொல்லர். அடிக்கடி உடம்புக்கு முடியாமல் போகும். வீட்டில் பணம் கிடையாது. எழுதப் படிக்கக் கொஞ்சம், கணக்கு கொஞ்சம், அத்தோடு பள்ளிக்கூடம் முடிந்தது. 1805-இல், 14 வயதில், 7 ஆண்டுகள் பைண்டிங் பழகுவதாக ஒப்பந்தம். அந்தக் கடைக்குத் தைப்பதற்கு வந்த புத்தகங்களை அவர் தைத்தார், ஒட்டினார், அப்படியே படித்தும் விட்டார். முதலாளி ரிபோ நல்ல மனிதர், தடுக்கவில்லை. பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தின் மின்சாரக் கட்டுரையும், ஜேன் மார்செட் என்ற பெண்மணி உரையாடலாக எழுதிய வேதியியல் புத்தகமும் அப்படித்தான் அவர் கண்ணில் பட்டன. படித்ததில் செய்துபார்க்கக் கூடிய சோதனைகளைக் கையில் இருந்த சில்லறைக்குத் தகுந்தபடி செய்தும் பார்த்தார்.

ஆனால் ஒரு சிக்கல். தைத்து முடித்த புத்தகம் சொந்தக்காரரிடம் போய்விடும். மறுபடி பார்க்க முடியாது. நூலகத்துக்குப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்த பிறகு நமக்கும் அதே நிலைதானே? ஃபாரடே ஒரு வழி செய்தார். படித்தவற்றில் பிடித்ததை, தேவைப்படுவதை எழுதிவைக்க 1809-இல் ஒரு நோட்டுப் போட்டார். பிறகு அறிவியல் சொற்பொழிவுகளுக்குப் போகத் தொடங்கினார். ஒரு கூட்டத்துக்கு ஒரு ஷில்லிங் கட்டணம். அதைக் கொல்லர் வேலை செய்த அண்ணன் கொடுத்தார்.

அந்தக் கூட்டங்களில் அவர் குறிப்பெடுத்த விதத்தைக் கவனியுங்கள். பேசுகிறவர் சொன்னதை எல்லாம் வரிக்கு வரி எழுதவில்லை. முக்கியமான சொற்கள், பொருள்களின் பெயர்கள், சோதனையின் தலைப்பு, அவ்வளவுதான். பிறகு அந்தத் துண்டுச் சொற்களை வைத்துக்கொண்டு, கேட்டதை ஞாபகப்படுத்தி விரிவாக எழுதினார். பிறகு இன்னொரு முறை, கோவையாக. கருவிகள் வருகிற இடத்தில் எல்லாம் மாஸ்கரியரிடம் கற்ற வித்தையைக் காட்டினார். 1812-இல் கடை வாடிக்கையாளர் ஒருவர், ஹம்ஃப்ரி டேவி என்ற பெரிய வேதியியலாளரின் சொற்பொழிவுகளுக்குச் சீட்டு வாங்கிக் கொடுத்தார். ஃபாரடே கேட்டார், ஞாபகத்திலிருந்து எழுதினார், படங்கள் வரைந்தார், 300 பக்கத்துக்கு மேல் வந்ததைத் தன் கையாலேயே தைத்து அட்டை போட்டு டேவிக்கே அனுப்பினார். அடுத்த ஆண்டு மார்ச் மாதம் டேவியின் ஆய்வுக்கூடத்தில் உதவியாளர் வேலை கிடைத்தது. அந்தத் தைத்த நோட்டு இன்றும் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் பத்திரமாக இருக்கிறது.

நோட்டு நன்றாக இருந்ததால் வேலை கிடைத்தது என்பது பாதி உண்மைதான். மீதிப் பாதி எனக்கு இன்னும் சுவையானது. அந்த நோட்டைத் தயாரித்ததிலேயே அவர் வேதியியலைக் கற்றுக்கொண்டுவிட்டார். ஏன் என்பதற்கு விடை சொல்ல உளவியலாளர்களுக்கு இன்னும் நெடுங்காலம் பிடித்தது.

முதலில் மறதியைப் பார்ப்போம். ஜெர்மனியில் ஹெர்மன் எபிங்ஹாஸ் என்பவர், மனிதன் எவ்வளவு வேகமாக மறக்கிறான் என்று அளக்க நினைத்தார். சோதனைக்கு ஆள் தேடவில்லை, தன்னையே வைத்துக்கொண்டார். அர்த்தமே இல்லாத அசைகளை, நம் எழுத்தில் சொன்னால் ‘ஙெப், டூவ், ஞிக்’ என்பது போல, வரிசை வரிசையாக மனப்பாடம் செய்தார். கொஞ்ச நேரம் கழித்து அதே வரிசையை மறுபடி மனப்பாடம் செய்தார். முதல் தடவை 100 நொடி பிடித்த வரிசை இரண்டாம் தடவை 60 நொடியில் முடிந்தால் 40 சதவீதம் மனதில் சேமிப்பாகத் தங்கியிருந்தது என்று கணக்கு. 1885-இல் அவர் வெளியிட்ட கணக்கின்படி, 20 நிமிடத்தில் சேமிப்பு 58 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது. ஒரு நாள் கழித்து 34. ஒரு மாதம் கழித்து 21. இந்த எண்களை வரைபடத்தாளில் குறித்துக் கோடு இழுத்துப் பாருங்கள். முதல் நாளில் கோடு செங்குத்தாக விழும், அப்புறம் மெள்ள மெள்ளச் சாயும்.

கதைக்கும் கட்டுரைக்கும் அர்த்தம் உண்டு என்பதால் அவை இத்தனை வேகமாக அழிவதில்லை. ஆனாலும் கோட்டின் வடிவம் அதேதான்: இழப்பு பெரும்பாலும் ஆரம்பத்திலேயே. ஆகவே மறதி உங்கள் குற்றம் அல்ல. பார்த்தது, கேட்டது அத்தனையையும் சேர்த்து வைத்தால் மூளை திணறிவிடும். மறுபடி தேவைப்படாதது என்று தோன்றுவதை அது கழித்துவிடுகிறது. ‘இது தேவை’ என்று அதற்கு எப்படிச் சொல்வது?

திரும்பத் திரும்பப் படிக்கலாமே என்பீர்கள். அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக் என்ற இருவர் 2006-இல் அதைச் சோதித்துப் பார்த்தார்கள். கல்லூரி மாணவர்களுக்குச் சூரியனைப் பற்றி ஒரு சிறு கட்டுரை, கடல் நீர்நாயைப் பற்றி ஒன்று. ஒன்றை இரண்டு முறை படிக்க வேண்டும். மற்றதை ஒரு முறை படித்துவிட்டு, மூடிவைத்து, ஞாபகம் இருப்பதை வெற்றுத் தாளில் எழுத வேண்டும். 5 நிமிடம் கழித்துக் கேட்டபோது இரண்டு முறை படித்த கட்டுரைதான் கூடுதலாக நினைவிருந்தது: 81 சதவீதம், மற்றது 75. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது தலைகீழ். இரண்டு முறை படித்தது 42-க்கு இறங்கியிருந்தது. மூடிவைத்து எழுதியது 56-இல் நின்றது.

வேடிக்கை என்ன தெரியுமா? இதே போன்ற இன்னொரு சோதனையில், ‘ஒரு வாரம் கழித்து எவ்வளவு ஞாபகம் இருக்கும்?’ என்று முன்கூட்டியே கேட்டபோது, மேலும் மேலும் படித்த கூட்டம்தான் அதிக நம்பிக்கையோடு இருந்தது. படிக்கப் படிக்க வரி பழகிப்போகிறது; பழகியதைத் தெரிந்ததாக எண்ணிவிடுகிறோம். மூடிவைத்துவிட்டு மனதுக்குள் தேடும்போதுதான் எது உள்ளே இருக்கிறது, எது இல்லை என்பது தெரியவரும். அந்தத் தேடலே நினைவைக் கெட்டிப்படுத்துகிறது. ஃபாரடே துண்டுச் சொற்களை வைத்துக்கொண்டு செய்தது இதைத்தான்.

சரி, எழுதினால் போதாதா, படம் எதற்கு?

கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் நடந்து 2016-இல் வெளியான ஆய்வு ஒன்று இதற்குப் பதில் சொல்கிறது. ஆப்பிள் போன்ற எளிய சொற்களைக் காட்டி, சிலவற்றைப் படமாக வரையவும் சிலவற்றைத் திரும்பத் திரும்ப எழுதவும் சொன்னார்கள். ஒரு சொல்லுக்கு 40 நொடி. பிறகு திடீரென்று, ‘என்னென்ன சொற்கள் வந்தன?’ என்று கேட்டார்கள். எழுதிய சொற்களைவிட வரைந்த சொற்கள் எக்கச்சக்கமாக நினைவில் இருந்தன. பலருக்கு இரண்டு மடங்குக்கும் மேல். 40 நொடியை 4 நொடியாகக் குறைத்தபோதும் வரைந்ததே ஜெயித்தது. வேறொருவர் போட்ட படத்தைச் சும்மா பார்ப்பதாலும், மனதில் கற்பனை செய்வதாலும் இந்த அளவு பலன் இல்லை.

இன்னொரு முடிவை எழுத்துக்கூட்டிப் படித்துக்கொள்ளுங்கள்: படம் அழகாக இருந்ததா, கோணலாக இருந்ததா என்பதால் எந்த வித்தியாசமும் வரவில்லை. ‘எனக்கு வரைய வராது’ என்று சொல்லித் தப்பிக்க இனி வழி இல்லை.

படம் ஏன் உதவுகிறது? வரையும்போது பொருளின் அர்த்தத்தை யோசிக்கிறோம், அதன் உருவத்தை மனதில் பார்க்கிறோம், கையையும் அசைக்கிறோம். ஒரே விஷயம் மூளையில் மூன்று வழியாகப் பதிகிறது. அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. ‘மண்புழுவின் உடலில் தடித்த பட்டை ஒன்று உண்டு’ என்று எழுதுவது சுலபம். அதை வரையப் போங்கள். பட்டை நடுவிலா, ஓரத்திலா? எந்த ஓரம்? பென்சில் நின்றுவிடும். புத்தகத்தைத் திறந்து பார்த்தால், அது தலைப்பக்கத்துக்கு அருகில் இருக்கும். இனி ஜென்மத்துக்கும் மறக்காது. மழை பெய்த மறுநாள் முற்றத்தில் நெளிகிற புழுவின் தலை எந்தப் பக்கம் என்று தம்பிக்குக் காட்டவும் முடியும். வாக்கியத்தில் மழுப்பிவிடலாம். படத்தில் அது முடியாது.

கதைப் புத்தகத்துக்கும் இது பொருந்தும். அந்த வீட்டுக்கு எத்தனை வாசல்? பாட்டி உட்கார்ந்திருந்தது திண்ணையிலா, கிணற்றடியிலா? வரைகிறவர்தான் இதை எல்லாம் கவனிப்பார்.

இப்போது, படித்த புத்தகங்களைப் படமாகப் பதிந்துவைக்கப்போகும் உங்கள் நோட்டுக்கு வருவோம். கோடு போடாத நோட்டு ஒன்று. எதிரெதிர்ப் பக்கம் இரண்டையும் ஒரு மாதத்துக்கு ஒதுக்குங்கள். புத்தகத்துக்கு ஒன்று என்று ஆறு கட்டங்கள் போட்டால் போதும். மாதத்தில் இரண்டு புத்தகம்தான் முடிந்தது என்றால் கட்டத்தைப் பெரிதாக்கிக்கொள்ளுங்கள். ஒரு புத்தகம் முடிந்ததும் உடனே நோட்டைத் திறக்காதீர்கள். ஒரு நாள் போகட்டும். அதாவது, எபிங்ஹாஸின் கோடு விழுகிற அளவு விழட்டும். மறுநாள் புத்தகத்தை எட்டாத இடத்தில் வைத்துவிட்டு, அதிலிருந்து ஒரே ஒரு பொருளை அல்லது காட்சியை வரையுங்கள். அட்டைப்படத்தைப் பார்த்து வரைவது கூடாது. பல பிள்ளைகள் அதைத்தான் செய்கிறார்கள், பார்க்க ஜோராகவும் இருக்கும். ஆனால் அட்டைப்படம் ஓவியருடைய ஞாபகம், உங்களுடையது அல்ல. வரைந்த பிறகு புத்தகத்தைத் திறந்து சரிபார்த்து, தவறியதை வேறு நிறத்தில் திருத்துங்கள். ரப்பரால் அழிக்க வேண்டாம். அடுத்த முறை பார்க்கும்போது அந்தத் திருத்தம்தான் முதலில் கண்ணில் படும்.

கட்டத்தின் அடியில் புத்தகத்தின் பெயர், எழுதியவர், படம் போட்டவர், முடித்த தேதி. பாதியில் விட்ட புத்தகத்துக்கும் கட்டம் உண்டு, பாதிப் படத்தோடு. இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. சார்லஸ் டார்வின் 1838 முதல் 1860 வரை, படிக்க வேண்டியவை, படித்தவை என்று பட்டியல் எழுதி வந்தார். மேலோட்டமாகப் புரட்டிய புத்தகங்களையும் ‘புரட்டினேன்’ என்று நேர்மையாகக் குறித்திருக்கிறார். அவரைப் பற்றி இன்னொரு செய்தி: கனமான புத்தகம் கையில் பிடிக்கச் சிரமமாக இருந்தால் இரண்டாக வெட்டிவிடுவாராம்! அவருடைய மகனே எழுதியிருக்கிறார். நீங்கள் அதை மட்டும் பின்பற்றாதீர்கள். உங்கள் ஊர் நூலகரிடம் நான் பதில் சொல்ல முடியாது.

டார்வினின் பட்டியலை அமெரிக்க ஆய்வாளர்கள் கணினியில் ஏற்றி ஆராய்ந்து 2017-இல் முடிவை வெளியிட்டார்கள். முதலில் அவர் ஒரே மாதிரியான விஷயங்களைத் தோண்டித் தோண்டிப் படித்திருக்கிறார். ஆண்டுகள் போகப் போக, சம்பந்தமில்லாத விஷயங்களுக்குத் தாவுவது கூடியிருக்கிறது. இதையெல்லாம் நூற்றைம்பது ஆண்டு கழித்து நமக்குச் சொல்வது வெறும் பெயரும் தேதியும்தான். அதனால் தேதி போடச் சோம்பல்படாதீர்கள்.

உங்கள் தாவலும் தோண்டலும் தெரிய வேண்டுமானால் கட்டத்தின் ஓரத்துக்கு நிறம் கொடுங்கள். கதைக்கு நீலம், அறிவியலுக்குப் பச்சை, வரலாற்றுக்குச் செங்கல் நிறம் என்று ஏதோ ஒரு ஏற்பாடு. இரண்டாவது மாதமே தகராறு வரும்: திமிங்கிலத்தைப் பற்றிய கதை நீலமா, பச்சையா? சீர்காழியில் 1892-இல் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதனுக்கும் இந்தத் தகராறு வந்தது. கணித ஆசிரியராக இருந்து 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர் அவர். ஒரு புத்தகத்துக்கு ஒரே அறை என்ற பழைய முறை அவருக்குப் போதவில்லை. லண்டனில் ஒரு கடையில், துண்டுகளைத் திருகாணியால் இணைத்து விதவிதமான உருவங்கள் செய்யும் மெக்கானோ விளையாட்டுச் சாமானைப் பார்த்ததும் அவருக்குப் பொறி தட்டியது. பொருளைத் துண்டு துண்டாகப் பிரித்து, நடுவில் முக்காற்புள்ளி (கோலன்) வைத்து இணைக்கும் முறையை உருவாக்கினார். கோலன் பகுப்பு முறை என்ற பெயரில் 1933-இல் அது புத்தகமாக வந்தது. நமக்கு அவ்வளவு தேவையில்லை. ஓரத்தில் பாதி நீலம், பாதி பச்சை. தகராறு தீர்ந்தது.

மாதக் கடைசி நாளில் ஒரு சின்ன வேலை. அந்த மாதப் பக்கத்தைத் திறக்காமலே, படித்த புத்தகங்களின் பெயரையும் ஒவ்வொன்றிலும் என்ன வரைந்தோம் என்பதையும் ஒரு துண்டுத் தாளில் எழுதிப் பாருங்கள். பிறகு திறந்து ஒப்பிடுங்கள். இடைவெளி விட்டு மறுபடி தேடும்போது நினைவு இன்னும் கெட்டிப்படும்.

ஆண்டு முடிவில் பன்னிரண்டு மாதக் கணக்கையும் ஒரே படமாகப் போட ஆசை வரும். இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. ஜூனில் 2 புத்தகம், ஜூலையில் 4 என்று வையுங்கள். ஜூலைக்கு இரண்டு மடங்கு உயரமாக ஒரு புத்தகத்தை வரைந்தால், அகலமும் இரண்டு மடங்காகும். ஆகவே பரப்பு நான்கு மடங்கு! பார்ப்பவர் கண் பரப்பைத்தான் பார்க்கும். நீங்கள் ஜூலையில் பிரமாதமாகப் படித்துத் தள்ளியதாக நினைத்துக்கொள்ளும். வியன்னாவில் 1920-களில் புள்ளிவிவரங்களைப் படமாக்கி அருங்காட்சியகத்தில் வைத்த ஓட்டோ நாய்ராத் இதற்கு ஒரு விதி வைத்திருந்தார்: அளவு கூடினால் படத்தைப் பெரிதாக்காதே, அதே படத்தை இன்னும் சில தடவை போடு. ஜூனுக்கு 2 சின்னப் புத்தகங்கள், ஜூலைக்கு அதே அளவில் 4.

பூப்போல வேண்டும் என்கிறவர்கள் ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேலிடம் போகலாம். போரில் காயத்தால் செத்த வீரர்களைவிட நோயால் செத்தவர்களே மிக அதிகம் என்று அரசாங்கத்துக்கு உறைக்க வைக்க, 1858-இல் அவர் வெளியிட்ட வரைபடத்தில் மாதத்துக்கு ஓர் இதழ். மொத்தம் 12 இதழ். ஒவ்வொன்றும் 30 பாகை. எண்ணைக் காட்டுவது இதழின் பரப்பு, நீளம் அல்ல. அதனால் வர்க்கமூலம் பார்க்க வேண்டும்: 1 புத்தகத்துக்கு இதழின் நீளம் 2 செ.மீ. என்றால், 2-க்கு 2.8, 3-க்கு 3.5, 4-க்கு 4 செ.மீ. வர்க்கமூலம் இன்னும் படிக்காதவர்கள் அக்காவிடமோ அண்ணனிடமோ கேட்டுக்கொள்ளலாம். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். பக்கத்து வீட்டுப் பையனின் இதழ் உங்களுடையதைவிட நீளமாக இருந்தால் கவலைப்படாதீர்கள். 40 பக்கப் படக்கதை ஒன்றும் 400 பக்க நாவல் ஒன்றும் இந்தப் படத்தில் வேறுபாடு காட்டாது. அது இந்த வரைபடத்தின் குறை.

இத்தனையும் நான் சொல்லி நீங்கள் நம்ப வேண்டும் என்பதில்லை. படம் போடுவது உங்களுக்கு உதவுகிறதா என்று நீங்களே சோதிக்கலாம். ஒவ்வொரு புத்தகம் முடிந்ததும் ஒரு நாணயத்தைச் சுண்டுங்கள். தலை விழுந்தால் படம், பூ விழுந்தால் எழுத்து. இரண்டுக்கும் ஒரே நேரம், 10 நிமிடம். பிடித்த புத்தகத்துக்குப் படம், பிடிக்காததற்கு எழுத்து என்று நீங்களே தேர்ந்தெடுத்தால் சோதனை கெட்டுப்போகும்; நாணயம் எதற்கு என்று இப்போது புரிகிறதல்லவா? ஒரு மாதம் கழித்து, அதே புத்தகத்தைப் படித்த நண்பர் ஒருவரைப் புத்தகத்துக்குப் பத்துக் கேள்வி தயாரித்துக் கேட்கச் சொல்லுங்கள். மதிப்பெண்ணை இரண்டு பத்தியாகக் குறித்து வாருங்கள். ஒருவர் நான்கு புத்தகத்தில் செய்தால் எதுவும் தீர்மானிக்க முடியாது. வகுப்பில் முப்பது பேர் சேர்ந்து ஓர் ஆண்டு செய்தால் முடிவில் ஏதோ தெரியத் தொடங்கும். கேள்வி தயாரிக்கிற நண்பரிடம் மட்டும் உங்கள் நோட்டைக் காட்டிவிடாதீர்கள். படத்தைப் பார்த்துவிட்டால், அதிலிருந்தே கேள்வி கேட்டுவிடுவார்.